சின்சேரோவில் கொளுத்திக் காட்டிய நூல் வேறு, கொடுத்த கம்பளி வேறு

பெரு போகிறவர்கள், அதிலும் குஸ்கோவிலிருந்து அரைநாள் வேனில் மோராய் வட்டப் பாத்திகளையும் மாராஸ் உப்பளத்தையும் பார்க்கப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டு வண்டி ஏறுங்கள். வழியில் சின்சேரோ என்ற நெசவு ஊரில் அநேகமாக வண்டி நிற்கும். அங்கே நானும் அக்காவும் 420 சோல் (பெருவின் நாணயம்) கொடுத்து ஒரு பிளாஸ்டிக் போர்வை வாங்கினோம். ஏமாந்த விதம் கொஞ்சம் வெட்கக்கேடானது என்பதால் ஒரு மாதம் வாயைத் திறக்கவில்லை. அக்காதான், "எழுதித் தொலைடா, அடுத்து போறவங்களாவது தப்பிக்கட்டும்" என்றாள்.

முதல் தப்பு எங்களுடையது. குஸ்கோ 3,400 மீட்டர் உயரம். சின்சேரோ அதற்கும் மேலே, 3,760 மீட்டர். விமானத்தில் வந்து இறங்கிய மறுநாளே அங்கே போய் நின்றோம். தலைக்குள் யாரோ அம்மி அரைக்கிற மாதிரி இருந்தது. பத்துப் படி ஏறினால் மூச்சு முட்டியது. அந்த நிலையில் யாரும் பேரம் பேசக் கூடாது, கையெழுத்துப் போடக் கூடாது.

வேன் ஊருக்குள் போகவில்லை. சாலையோரமாக ஒரு வாசலில் நின்றது. உள்ளே மண்சுவர் முற்றம், ஓரத்தில் புல்லைக் கொறிக்கும் கினிப்பன்றிகள், வட்டத் தொப்பியும் நீளப் பின்னலுமாக ஆறு பெண்கள். கையில் கோகா இலைத் தேநீர் கொடுத்தார்கள். எல்லாம் இலவசம் என்றார் வழிகாட்டி. அவர் அதை மூன்று முறை சொன்னபோதே உஷாராகியிருக்க வேண்டும்.

ஆனால் செய்து காட்டியது பிரமாதம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு பெண் சக்டா என்ற வேரைத் துருவி, வெந்நீரில் நுரைக்கவிட்டு, அழுக்குக் கம்பளி மயிரை அதில் நாலு தடவை அலசினாள். பழுப்பாக உள்ளே போனது பஞ்சு வெள்ளையாக வந்தது. இன்னொருத்தி உள்ளங்கையில் சாம்பல் நிற மணி ஒன்றை வைத்து விரலால் நசுக்கினாள். கொச்சினீல். சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வளரும் பூச்சி. கை முழுக்க ரத்தச் சிவப்பு. அதில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டதும் ஆரஞ்சாக மாறியது. கொஞ்சம் சாம்பலைத் தூவினாள், ஊதாவுக்குப் போனது. (இந்தப் பூச்சியை வளர்க்கத்தான் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் நம் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். அக்காவிடம் சொன்னேன், அவளுக்கு அப்போது காதில் விழவில்லை. கை விரலில் இருந்த சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.) மூன்றாமவள் இடுப்பில் வாரைக் கட்டி, நீளவாட்டுப் பாவு நூலை ஒரு கம்பத்தில் மாட்டி இழுத்து உட்கார்ந்தாள். குறுக்கு நூலான ஊடை ஒன்று போகும்போதெல்லாம் கூர்மையான எலும்பால் அதை அடித்து இறுக்கினாள். "இது என்ன எலும்பு தெரியுமா? போன வாரம் எதுவும் வாங்காமல் போன சுற்றுலாக்காரருடையது" என்றாள். எல்லாரும் சிரித்தோம். உண்மையில் அது லாமா எலும்பு, பெயர் ருகி.

சிரிப்பு அடங்குவதற்குள் பின்கதவு திறந்தது. அந்தப் பக்கம் ஒரு பெரிய கூடம். தரையிலிருந்து கூரை வரை போர்வை, போஞ்சோ, ஸ்வெட்டர், லாமா படம் போட்ட தலையணை உறை. ஆறு பெண்கள் முற்றத்தில் இருக்கிறார்கள். தோளில் போடுகிற ஒரு லிக்லியா துணியை நெய்யவே வாரக்கணக்கில் ஆகும், சில சமயம் மாதக்கணக்கில் என்று ஐந்து நிமிடம் முன்புதான் அவர்களே சொன்னார்கள். அப்புறம் இந்த இருநூறு போர்வையை யார் நெய்தது? இந்தக் கேள்வி எனக்கு அங்கே தோன்றவில்லை. இரவு ஒன்பது மணிக்கு விடுதிக் கட்டிலில்தான் தோன்றியது.

அம்மாவுக்கு முழங்கால் வலி, மார்கழி என்றாலே பயப்படுவாள். அக்கா நேராகப் போர்வைப் பக்கம் போய்விட்டாள். கூடத்தில் இருந்தவர் நெசவுப் பெண் இல்லை, கால்சட்டை போட்ட ஒரு ஆள். நல்ல ஆங்கிலம் பேசினார். "நூறு சதவீதம் பேபி அல்பாகா, இயற்கைச் சாயம், இங்கேயே நெய்தது. 650 சோல்." (அல்பாகா என்பது லாமாவின் சொந்தக்கார விலங்கு, அதன் மயிர்தான் அங்கே கம்பளி.)

நான் ஒன்றும் தெரியாதவன் இல்லை என்று காட்ட வேண்டாமா? பட்டு வாங்கும்போது இழையைக் கொளுத்தி மோந்து பார்க்கிற குடும்பம் எங்களுடையது. "அக்கா, கொளுத்திப் பார்த்துட்டு வாங்கலாம்" என்றேன். அந்த ஆள் அதற்காகவே காத்திருந்த மாதிரி சட்டைப் பையிலிருந்து லைட்டரை எடுத்தார். மேசை மேல் இருந்த நூல் உருண்டையிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளினார். பற்றவைத்தார். மயிர் பொசுங்கும் வாசனை. சாம்பல் விரலில் பொடிந்தது. "பார்த்தீர்களா?" பார்த்தேன். திருப்தியாகத் தலையாட்டினேன். அவர் கிள்ளியது உருண்டையிலிருந்து, போர்வையிலிருந்து இல்லை என்பதை நானும் என் பட்டு ஞானமும் கவனிக்கவில்லை.

650 கடைசியில் 420 ஆனது. வெற்றி என்று நினைத்தோம். கார்டு இயந்திரத்தில் சோலா டாலரா என்று கேட்டது. அவரே டாலரை அமுக்கிவிட்டு இயந்திரத்தை என் பக்கம் திருப்பினார். அந்த மாற்று விகிதத்தில் தனியாக ஒரு தொகை போனது. மொத்தம் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. ரசீது கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் '420' என்று எழுதிக் கொடுத்தார். கடை பெயர்கூட இல்லை. வெளியே ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த வளாகத்திலேயே போய்விட்டதால், சின்சேரோவின் இன்கா இடிபாடுகளையும் தேவாலயத்தையும் பார்க்க நேரமில்லை என்றார்கள். பயணத் திட்டத்தில் 'சின்சேரோ' என்று போட்டிருந்தது அந்தக் கடையைத்தான்.

இரவு விடுதியில் போர்வையைப் பிரித்தால் ஓரம் மடித்து மெஷின் தையல் போட்டிருந்தது. ஒரு இழையை உருவிக் கொளுத்தினேன். உருகிச் சுருண்டு, கறுப்பாகக் கெட்டி மணியாக நின்றது. பிளாஸ்டிக் நாற்றம். அக்ரிலிக். வரவேற்பு மேசைப் பையனிடம் காட்டினோம். "இது பேபி அல்பாகா இல்லை சார், மேபி (ஒருவேளை) அல்பாகா" என்றான். அங்கே பழைய ஜோக்காம். பேபி அல்பாகா என்பது குட்டியின் மயிரும் இல்லை, இழை எவ்வளவு மெல்லியது என்பதற்கான தரப்பெயர், ஏறத்தாழ 22 மைக்ரான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கடைக்காரர் ஒரு குட்டியின் போட்டோவைக் காட்டித்தான் விற்றார். அதே இடத்தில் 150 சோலுக்கு 'விகுன்யா' ஸ்கார்ஃபும் இருந்தது. விகுன்யா அல்பாகாவின் காட்டு உறவு. அசல் விகுன்யா என்றால் ஸ்கார்ஃப் ஒன்றுக்கே பல நூறு டாலர் ஆகும்.

மறுநாள் காலை குஸ்கோவின் சான் பெத்ரோ சந்தையில் அதே போர்வை, அதே நிறம், அதே தையல். 70 சோல். பேரம் பேசாமலேயே.

வயிறு எரிந்தது. ஷேர் டாக்சி பிடித்துத் திரும்ப சின்சேரோ போனோம். சில சோல்கள்தான் கட்டணம். முந்தைய நாள் ஆள் இல்லை. இருந்தவர், "இது எங்களுடையது என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார். அந்தத் துண்டுச் சீட்டு எதற்கு அப்படி இருந்தது என்று அப்போது புரிந்தது. விடுதிப் பையன் சொல்லி அனுப்பிய ஒரே ஒரு ஸ்பானிஷ் வார்த்தையைச் சொன்னேன்: லிப்ரோ தெ ரெக்லமாசியோனெஸ். புகார்ப் புத்தகம். பெருவில் 2010இல் வந்த நுகர்வோர் சட்டப்படி பொதுமக்கள் வந்துபோகிற கடை எதுவானாலும் அதை வைத்திருக்க வேண்டும், கேட்டால் கொடுக்க வேண்டும். மேற்பார்வை இன்டெகோபி என்ற அரசு அமைப்பு. அந்த வார்த்தைக்கு முகம் மாறியது. முதலில் தொலைந்துவிட்டது என்றார், அப்புறம் மேலாளரிடம் சாவி இருக்கிறது என்றார், அரை மணி நேரம் நாங்கள் அசையாமல் உட்கார்ந்த பிறகு வேறு போர்வை மாற்றித் தருகிறேன் என்றார். இன்னொரு அக்ரிலிக்கை வைத்து என்ன செய்ய? கடைசியில் புத்தகம் வந்தது. கார்டு ரசீதில் இருந்த விவரத்தோடு எழுதி, நகலை வாங்கிக்கொண்டு வந்தோம். இதுவரை பதில் இல்லை. நீங்கள் அச்சிட்ட 'பொலேத்தா', அதாவது முறையான ரசீது, வாங்காமல் கார்டைக் கையில் எடுக்காதீர்கள். இயந்திரம் கேட்டால் சோலையே அமுக்குங்கள், நீங்களே அமுக்குங்கள்.

போனதற்குக் கிடைத்தது அந்த மேட்டு ஊர்தான். குஸ்கோ பகுதிக்கான சுற்றுலாச் சீட்டு வைத்திருந்தால் அதிலேயே உள்ளே விடுவார்கள். நாங்கள் போனபோது இந்தப் பக்கத்துப் புனிதப் பள்ளத்தாக்குக்கு மட்டுமான இரண்டு நாள் சீட்டு 70 சோல். இன்கா பேரரசர் துப்பாக் இன்கா யுபான்கியின் மாளிகைச் சுவர்கள், அவற்றின் மேலேயே எழுப்பிய காலனிக்காலத் தேவாலயம், எதிரே சதுக்கத்தில் சரிவக மாடங்கள் வைத்த கல்சுவர். அந்தச் சுவரடியில் ஒரு வயதான அம்மா முளைக்கோலில் பாவு நூலைக் கட்டி நெய்துகொண்டிருந்தார். பக்கத்தில் விரித்த துணியில் ஏழெட்டு உருப்படிகள், அவ்வளவுதான். அக்கா ஒரு ஹகிமா வாங்கினாள். சிறுமிகள் முதலில் கற்றுக்கொள்ளும் இரண்டு விரல் அகல நாடா. திருப்பிப் பார்த்தால் பின்பக்கமும் அதே கோலம், நிறம் மட்டும் இடம் மாறியிருந்தது. அகலத் துணிகளைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொன்னார். நாலு ஓரமும் தறியிலேயே முடிந்திருந்தது, வெட்டும் இல்லை, தையலும் இல்லை. ஆண்டிஸ் கைத்தறித் துணி அப்படித்தான் இருக்கும். லைட்டரைவிட இந்த ஓரம் நம்பகமானது.

பெரிய துணி வாங்க மனமிருந்தால், அதே சின்சேரோவைச் சேர்ந்த நில்டா கல்யானவ்பா 1996இல் தொடங்கிய பாரம்பரிய நெசவு மையத்தின் கடை குஸ்கோவில் அவெனிதா எல் சோல் சாலையில் இருக்கிறது. துணியில் நெய்தவரின் பெயர் தொங்கும். விலை குறைவில்லை. எங்களிடம் அதற்குள் காசு குறைந்திருந்தது.

போர்வையை வீசிவிட மனம் வரவில்லை, ஊருக்குக் கொண்டுவந்தோம். அம்மா போர்த்திப் பார்த்துவிட்டு, "கதகதன்னு இருக்குடி, எவ்வளவு?" என்றாள். அக்கா கண் இமைக்காமல் சந்தை விலையைச் சொன்னாள், ரூபாயில் ஆயிரத்து அறுநூறு.

"அவ்வளவா? ஏமாந்துட்டீங்க" என்றாள் அம்மா.