இருபத்தெட்டு நாள், இருபத்தெட்டுப் பக்கம்: எந்த வழியில் போனால் முடியும்?

போன வருடம் பெப்ரவரி முதலாம் திகதி நானும் ரொறன்ரோவில் இருக்கும் மச்சாளும் ஒரே சவாலைத் தொடங்கினோம். டிஜிட்டல் ஸ்கிராப்புக், நாளுக்கு ஒரு பக்கம். ஒரு படம், நாலைந்து வரி எழுத்து, சுற்றிக் கொஞ்சம் அலங்காரம், அவ்வளவுதான் ஒரு பக்கம். அவள் 28 பக்கமும் முடித்தாள். நான் ஒன்பதாம் நாள் படுத்துவிட்டேன். பிறகு இங்கே யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயில் திருவிழாவோடு ஒரு முறை முயன்றேன், இந்தப் பெப்ரவரியில் இன்னொரு முறை. மூன்றாவதில்தான் கரை சேர்ந்தேன்.

மூன்று முறையும் வேறு வேறு வழி. எல்லாவற்றையும் நான் அளக்கும் கோல் ஒன்றுதான்: இரவு ஒன்பது மணிக்கு, சாப்பிட்டுக் கோப்பை கழுவி வந்து இருக்கும்போது, அன்றைய பக்கத்துக்கு இன்னும் எத்தனை முடிவு எடுக்க மிச்சம் இருக்கிறது? எந்தப் படம், எந்த நிறம், எந்த எழுத்துரு, எவ்வளவு பெரிது என்று நாலு கேள்வி வரிசையில் நின்றால் அன்றைக்குப் பக்கம் கிடையாது. (மச்சாளுக்கு அது காலை பத்தரை. அவளின் வெற்றியில் பாதி அந்தப் பத்தரை மணி நேர வித்தியாசத்துக்குச் சேரவேண்டும் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.)

போனா, லப்டொப்பா

முதல் தடவை நான் லப்டொப்பில் ஃபோட்டோஷொப், அவள் போனில் கான்வா என்ற வடிவமைப்புச் செயலி. ஃபோட்டோஷொப்பில் செய்த என் ஒன்பது பக்கமும் வடிவுதான், மறுக்கவில்லை. லேயர் லேயராக அடுக்கலாம், படத்தின் நிழல் எந்தப் பக்கம் விழவேண்டும் என்றுகூடத் தீர்மானிக்கலாம். ஆனால் பழைய பதிப்பில் தமிழ் எழுதினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறும். அமைப்புகளில் எழுத்துப் பகுதிக்குள் போய், தென்னாசிய மொழிகளுக்கான எஞ்சினைத் தெரிவுசெய்து, மென்பொருளை மூடித் திறந்தால் சரியாகும். இது தெரியாமல் இரண்டு இரவு போனது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டினால் உடையாதுதான், இங்கே எத்தனையோ அச்சகங்களின் வேலை அதில்தான் ஓடுகிறது. ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே வரி வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட்டில் எழுதுங்கள். கட்டமரான், முக்தா மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் கூகுள் எழுத்துருக்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டைத் தெரிவுசெய்து, மாதம் முடியும்வரை மாற்றாதீர்கள்.

காசு கட்ட விருப்பமில்லாதவர்களுக்கு ஜிம்ப் என்ற மென்பொருள் இருக்கிறது. இலவசம், தமிழையும் உடைக்காது. ஆனால் பழக ஒரு வாரமாவது வேண்டும், அந்த வாரம் சவாலின் முதல் வாரமாக இருக்கக்கூடாது.

கான்வாவில் நுணுக்கம் குறைவு. கிரீடக் குறி போட்ட அலங்காரங்களைத் தொட்டால் காசு கேட்கும், இணையம் இல்லாவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டியதுதான். இருந்தும் என் ஓட்டு அதற்குத்தான். பஸ்ஸில் படம் தெரிவுசெய்யலாம், கடையில் நிற்கும்போது இரண்டு வரி எழுதலாம், வீட்டுக்கு வரும்போது பாதிப் பக்கம் முடிந்திருக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பக்கத்தின் அளவைத் தொடக்கத்திலேயே சரியாகக் கொடுங்கள். செய்து முடித்த பக்கத்தின் அளவை மாற்றும் வசதி காசு கட்டுபவர்களுக்குத்தான்.

பவர்பொயின்ற் பழகியவர்கள் அதிலும் செய்யலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. படமாகச் சேமித்தால் தெளிவு குறைந்துவிடும் என்பதால் பீடிஎஃப் ஆக எடுக்கவேண்டும்.

12 அங்குலமா, 8 அங்குலமா

ஸ்கிராப்புக் உலகத்தின் வழமையான அளவு 12 அங்குலச் சதுரம். 300 டிபிஐக்கு, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிக்கு, அது 3600 பிக்சல். மச்சாள் அதில்தான் செய்தாள், அவளுக்கு அந்த அளவில் பட அல்பமாக அச்சடித்து வீட்டுக்கு அனுப்பும் சேவைகள் உண்டு. நமக்கு 8 அங்குலம், அதாவது 2400 பிக்சல் போதும். காரணம் சாதாரணமானது: ஏ4 தாளின் அகலம் 8.27 அங்குலம். பக்கத்துக் கொமினிகேசன் கடையில் ஏ4 தாளில் கலர் பிரிண்ட் எடுத்து, மேலும் கீழும் வெட்டினால் வேலை முடிந்தது. ஓரத்தில் கால் அங்குலத்துக்கு முகமோ எழுத்தோ வராமல் பார்த்துக்கொண்டால் பிரிண்டர் அதை விழுங்காது.

கிட் வாங்குவதா, வீட்டில் கிடப்பதை எடுப்பதா

டிஜிட்டல் கிட் என்றால் பின்னணித் தாள், பூ, ரிபன், எழுத்து எல்லாம் ஒரே நிறக் குடும்பத்தில் சேர்ந்து வரும் பொதி. இரவு ஒன்பது மணிக்கு அது பெரிய உதவிதான். ஆனால் வாங்கும் கிட்டுகளில் பாதியில் மேப்பிள் இலையும் பனி மனிதனும். மச்சாளின் பக்கத்தில் அது பொருத்தம். குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்கு நிற்கும் அம்மாவின் தலைக்கு மேல் பனித்துளி போட எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் தடவை வீட்டிலேயே ஒரு கிட் செய்தேன். பனையோலைப் பெட்டியின் பின்னல், கிடுகு, அப்பம்மாவின் சேலைக் கரை, பழைய கல்யாண அழைப்பிதழின் பொன்னிற ஓரம், பஸ் ரிக்கெற், கச்சான் சுற்றி வந்த பேப்பர். காலை எட்டு மணிக்கு விறாந்தை நிழலில், ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து போனில் எடுத்தேன். ஒரு ஞாயிறு காலைக்குள் 22 துண்டு. பின்னணியை வெட்டியவற்றை பிஎன்ஜி ஆகச் சேமிக்கவேண்டும், ஜேபெக் ஆக்கினால் வெட்டிய இடம் வெள்ளைப் பெட்டியாக நிற்கும். நிழல் எல்லாவற்றுக்கும் ஒரே பக்கம், கீழே வலப்புறமாக விழட்டும். இந்த ஒன்றைக் கவனித்தாலே போன் வேலை கைவேலை மாதிரித் தெரியும்.

இங்கே சந்தேகமே இல்லை, வீட்டுக் கிட்தான். ஆனால் மாதம் தொடங்க முன்னர் செய்துவைக்க வேண்டும். நாளுக்கு ஒன்றாகச் செய்யலாம் என்று நினைத்தால் அது இரண்டாவது சவாலாகிவிடும்.

தலைப்புப் பட்டியலா, திருவிழாவா

நல்லூர் 25 நாள். கொடியேற்றத்தில் தொடங்கி, பத்தாம் நாள் மஞ்சம், 23 சப்பறம், 24 தேர், 25 தீர்த்தம் என்று தலைப்புகளைக் கோயிலே தந்துவிடுகிறது, இதைவிட என்ன வேண்டும் என்று இறங்கினேன். நடந்தது என்னவென்றால், படம் குவியும் நாட்களில் நேரம் இல்லை. பின்னேரம் முழுக்க வீதியில், வீட்டுக்கு வந்தால் கால் உளைவு. கோயிலுக்குள் படம் எடுக்க முடியாது, ஆக வெளிவீதியும் கச்சான் கடையும் காவடியும் குழந்தைகளும்தான். பன்னிரண்டாம் நாளுக்குள் கச்சான் கடை நாலு பக்கத்தில் வந்துவிட்டது. தீர்த்தத்தன்று என் கையில் 14 பக்கம்.

இந்த முறை பட்டியல். "கிணற்றடி", "இன்று யாரோடு கதைத்தேன்", "சமையலறை மணம்", "பள்ளிக்கூடப் பாதை" என்று 28 தலைப்பு எழுதி ஒட்டினேன். நாளுக்கு ஒன்று என்று கட்டிப்போடாமல், விரும்பியதை எடுத்துக் கோடு போடும் முறை. திருவிழா மாதத்தில் படத்தை மட்டும் எடுத்து வையுங்கள், பக்கத்தைப் பிறகு ஆறுதலாகச் செய்யலாம்.

படம் முதலிலா, எழுத்து முதலிலா

இதில்தான் மச்சாளுக்கும் எனக்கும் வாக்குவாதம். அவள் படத்தை வைத்துவிட்டு அதற்கு ஏற்றபடி எழுதுவாள். பொதுவாகச் சொல்லித்தருவதும் அதுதான். அவளிடம் படம் இருக்கிறது. எங்கள் வீட்டில் 1995 ஒக்டோபர் 30ஆம் திகதிக்கு முந்திய படம் மொத்தம் மூன்று. போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமமே ஊரைவிட்டு வெளிக்கிட்ட இரவில் அல்பமா எடுப்பார்கள்? அரிசியும் அடையாள அட்டையும் காணி உறுதியும் எடுத்தார்கள். திரும்பி வந்தபோது அலுமாரியே இல்லை.

"அம்மம்மா வீடு" என்ற தலைப்பு வந்த நாள், படம் முதலில் என்றால் பக்கமே இல்லை. அன்றைக்கு வழியைத் திருப்பினேன். முதலில் எழுத்து, ஆறு வரி: தாழ்வாரம், மூன்று தூண், மழைத் தண்ணீர் விழும் இடத்தில் வைத்த கிடாரம். படம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் சட்டம். கீழே கிடுகுப் பின்னல். 28 பக்கத்திலும் கெதியாக முடிந்தது அதுதான், இருபது நிமிடம்.

அதன்பிறகு எல்லாப் பக்கத்துக்கும் எழுத்தை முதலில் எழுதினேன். எழுதி முடித்தால் எந்தப் படம் என்ற கேள்வி தானாகச் சிறுக்கிறது, சில நாள் கேள்வியே இல்லை. வெளிநாட்டுச் சொந்தங்களிடம் பழைய படம் கேட்டால், வட்ஸ்அப்பில் டொக்கியூமென்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். அவர்களிடம் ஸ்கானர் இருந்தால் 600 டிபிஐயில் எடுக்கச் சொல்லுங்கள், தபால்தலை அளவு முகத்தைக்கூடப் பெரிதாக்கலாம்.

நாளுக்கு ஒன்றா, ஞாயிறு ஏழா

ஞாயிறு ஏழு நடக்காது. மூன்றாவதோடு முதுகு நோகும். ஆனால் ஞாயிறு ஒரு மணி நேரம் அந்த வாரத்துக்கான ஏழு வெற்றுப் பக்கத்தைத் திறந்து பின்னணி மட்டும் போட்டு வைத்தால், நாளுக்கு ஒன்று சுகமாக ஓடும். ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் இரண்டு செய்யாதீர்கள். அப்படிக் கடன் அடைக்கப் போய்த்தான் முதல் தடவை ஒன்பதாம் நாள் விழுந்தேன். தவறிய தலைப்பைக் கடைசிக்குத் தள்ளுங்கள், மார்ச் முதல் வாரத்தில் முடிந்தாலும் யாரும் அபராதம் போடப்போவதில்லை.

பிரிண்ட் எடுத்துப் பைலில் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பியவர், வெறும் சட்டம் இருந்த பக்கத்தில் நின்றார்.

"மூண்டு தூண் இல்லைப் பிள்ளை, நாலு. ஒண்டு கிடாரத்துக்குப் பின்னாலை இருந்தது, உனக்குத் தெரிஞ்சிராது."

கோப்பு இன்னும் போனில்தான் இருக்கிறது. இன்றிரவு ஒன்பது மணிக்கு ஒரே ஒரு சொல் மாற்றவேண்டும்.