டப்ளினில் ஒரே ஒரு மாலை: எந்த பப்பில் உட்காருவது?

டப்ளினில் ஒரே ஒரு மாலைதான் கையில் இருக்கிறது, மறுநாள் விடிகாலையில் விமானம் என்று வைத்துக்கொள்வோம். இணையத்தில் தேடினால் இருபது பப் கொண்ட பட்டியல் வந்து நிற்கும், எல்லாமே பாரம்பரியம், எல்லாமே பழமை. நான் நாலே நாலை எடுத்துக்கொள்கிறேன்: காபிள்ஸ்டோன், ஓ'டனஹூஸ், கேவனா, மல்லிகன்ஸ். நாலையும் ஒரே ராத்திரியில் சுற்றிவிடலாம் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். ஒரு பப்பின் குணம் பிடிபட இரண்டு மணி நேரமாவது ஒரே இடத்தில் உட்கார வேண்டும். வாசலில் படம் எடுத்துக்கொண்டு அடுத்ததற்கு ஓடினால் எல்லா பப்பும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

டெம்பிள் பார் ஏன் இதில் இல்லை என்று கேட்பீர்கள். சிவப்பு முகப்பு, பூத்தொட்டிகள், படத்துக்கு அழகுதான். ஆனால் அங்கே விலை அதிகம், பாட்டு ஒலிபெருக்கியில் வரும், பக்கத்தில் நிற்பவரும் உங்களைப் போல ஊர் பார்க்க வந்தவராகவே இருப்பார்.

வயதை வைத்தும் தேர்ந்தெடுக்காதீர்கள். பிரேசன் ஹெட் தன்னை 1198ஆம் ஆண்டு பப் என்று சொல்லிக்கொள்கிறது, ஆனால் இன்று நாம் நுழையும் கட்டடம் 1754ஐச் சேர்ந்தது. உள்ளே அழகு பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் 1895இல் புதுப்பித்துக் கட்டிய ஸ்டாக்ஸ் ஹெட் அதைவிட மேல், அதன் வண்ணக் கண்ணாடிக்கும் மர வேலைக்குமே போகலாம். உண்மையான கேள்வி வேறு: அன்றைக்கு உங்கள் காதுக்கு என்ன வேண்டும், இசையா, பேச்சா?

இசைதான் என்றால் ஸ்மித்ஃபீல்டில் இருக்கும் காபிள்ஸ்டோன். லூவாஸ் ட்ராமின் சிவப்புத் தடத்தில் ஸ்மித்ஃபீல்ட் நிறுத்தத்தில் இறங்கினால் கொஞ்ச தூர நடை. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், அதை நம்பித் திரும்பிவிடாதீர்கள். அங்கே நடப்பது கச்சேரி இல்லை, 'செஷன்'. மேடை கிடையாது. ஒரு மூலையில் நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பார்கள்: ஃபிடில், மரப் புல்லாங்குழல், டின் விசில், அதிர்ஷ்டம் இருந்தால் முழங்கைக்கு அடியில் துருத்தியை அழுத்தி வாசிக்கும் இலின் பைப்ஸ். தாளத்துக்கு போரான், நம் பறையைப் போல ஒரு பக்கம் மட்டும் தோல் போர்த்திய வட்ட வாத்தியம். யாராவது ஒருவர் மெட்டை எடுப்பார், அது தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்வார்கள், இரண்டு மூன்று சுற்று போனதும் யாரும் எதுவும் சொல்லாமலேயே, ஒரு பார்வையிலேயே, அடுத்த மெட்டுக்குத் தாவிவிடுவார்கள். அந்தத் தாவும் நொடியில் கூடம் முழுக்க ஒரு உற்சாகம் எழும் பாருங்கள், அதற்காகவே டப்ளின் போகலாம். 2021இல் அந்த இடத்தில் ஹோட்டல் கட்டத் திட்டம் வந்தபோது ஊர்க்காரர்கள் வாத்தியங்களோடு தெருவில் இறங்கினார்கள், மாநகராட்சியும் அனுமதி மறுத்தது. இந்த பப் அவர்களுக்கு என்ன என்பது இதிலேயே தெரிகிறது.

அப்புறம் ஒன்று: வாத்தியக்காரர்களின் வட்டத்தில் காலியாகத் தெரியும் நாற்காலி வரப்போகும் இன்னொரு வாத்தியக்காரருக்கானது, அதில் உட்காராதீர்கள். வாத்தியம் இல்லாமல் ஒருவர் தனியாகப் பாட ஆரம்பித்தால் மொத்தக் கூடமும் அடங்கும், நாமும் அடங்க வேண்டும்.

ஓ'டனஹூஸ் இதற்கு நேர்ப் போட்டி. மெரியன் ரோவில், செயின்ட் ஸ்டீஃபன்ஸ் கிரீன் பூங்காவுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் நடுநகரில் தங்குபவர்களுக்கு வசதி அதிகம். ரானி ட்ரூ, லூக் கெல்லி, பார்னி மெக்கென்னா எல்லாம் சேர்ந்த 'த டப்ளினர்ஸ்' நாட்டுப்புற இசைக்குழு 1962இல் இங்கேதான் உருவானது, சுவரெல்லாம் அவர்கள் முகம். காபிள்ஸ்டோனில் மெட்டுக்கு முதலிடம் என்றால் இங்கே பாட்டுக்கு. கூடவே பாட ஆசை இருப்பவர்கள், நண்பர்கள் கூட்டமாகப் போகிறவர்கள் இங்கே போகலாம், தப்பே இல்லை. எனக்கு உள்ள குறை, இடம் ஒடுக்கம். வெள்ளி, சனி என்றால் நிற்கத்தான் முடியும், நின்றுகொண்டு இசையைக் கவனிப்பது கஷ்டம்.

பேச்சுதான் வேண்டும், கூட ஒரே ஒரு நண்பர், பல வருடம் கழித்துச் சந்திக்கிறீர்கள். அப்படியென்றால் யோசிக்காமல் கிளாஸ்னெவினுக்கு பஸ் ஏறுங்கள். கல்லறைத் தோட்டத்தின் மதிலை ஒட்டியே ஜான் கேவனா பப் இருக்கிறது, 1833இலிருந்து ஒரே குடும்பத்தின் கையில். வெட்டியான்கள் வேலை முடிந்து வந்து குடித்த இடம் என்பதால் ஊரில் அதற்கு 'கிரேவ்டிகர்ஸ்' என்றே பெயர். உள்ளே இசை கிடையாது, டிவி கிடையாது. தேய்ந்த மரமும் மனிதக் குரலும்தான். முதல் பத்து நிமிஷம் அந்த அமைதி உறுத்தும், அதற்கப்புறம் குரல் தானாகத் தாழ்ந்து பேச்சு வேறு ஆழத்துக்குப் போய்விடும். பன்றி இறைச்சி சாப்பிடுபவர்கள், கிடைக்கும் நேரமாக இருந்தால், 'காடல்' கேட்டு வாங்குங்கள்: சாசேஜ், பேக்கன், உருளைக்கிழங்கு, வெங்காயம் சேர்த்து வேகவைத்த டப்ளின் வீட்டுச் சாப்பாடு.

மல்லிகன்ஸ், பூல்பெக் தெருவில், 1854இலிருந்து அதே இடத்தில். தாரா ஸ்ட்ரீட் ரயில் நிலையத்துக்கு அருகில். நல்ல கின்னஸ் (டப்ளினின் பேர்போன கறுப்பு பீர்), பழைய அறைகள், அவ்வளவு போதும் என்பவர்களுக்கு, நேரமும் குறைவு என்றால், இதுதான் சரி. மற்ற மூன்றைப் போல மனதில் ஒட்டுமா என்றால், எனக்கு ஒட்டவில்லை.

கின்னஸைப் பொறுத்தவரை ஒரு விஷயம். முக்கால் கிளாஸ் நிரப்பி வைத்துவிட்டு பார்க்காரர் நகர்ந்துவிடுவார். மறந்துவிட்டார் என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள், நைட்ரஜன் குமிழ்கள் அடங்கி நுரை மேலே சேர்ந்ததும் வந்து மீதியை நிரப்புவார், எல்லாம் சேர்த்து இரண்டு நிமிஷம். மது வேண்டாம் என்றால் ஆல்கஹால் இல்லாத கின்னஸ் 0.0 கேளுங்கள், யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள். கூட்டமாகப் போனால் ஆளுக்கு ஒரு ரவுண்டு, அதாவது ஒவ்வொருவரும் தன் முறையில் எல்லாருக்கும் சேர்த்து, வாங்குவதுதான் வழக்கம், அடுத்தவர் வாங்கியதைக் குடித்துவிட்டு உங்கள் முறை வருவதற்குள் கிளம்புவது அங்கே பெரிய மரியாதைக் குறைவு. பிள்ளைகளோடு போகிறவர்கள் சீக்கிரம் போங்கள்: பெரியவர் கூட இருந்தாலும் இரவு 9 மணிக்கு மேல், மே முதல் செப்டம்பர் வரை 10 மணிக்கு மேல், சிறுவர்களை பப்பில் வைத்திருக்கச் சட்டம் விடாது.

நாலில் ஒன்றைச் சொல் என்றால் காபிள்ஸ்டோன்தான், அதுவும் திங்கள் முதல் வியாழனுக்குள் ஒரு நாள். இசை தொடங்குவதற்கு முன்பே போய், வட்டத்துக்குப் பக்கத்தில், ஆனால் வட்டத்துக்கு வெளியே ஒரு இடம் பிடியுங்கள். ஃபிடில்காரர் சுருதி சேர்ப்பதிலிருந்தே கேட்கலாம்.