நோய்ப்பட்ட பேத்தை: சொந்தத் தொட்டியிலா, தனி பேசினிலா?

என்னிடம் ஒரு பச்சைப் புள்ளிப் பேத்தை இருக்கிறது, பயந்தால் பந்துபோல ஊதுகிற மீன், ஆங்கிலத்தில் பஃபர்ஃபிஷ். இரண்டு தடவை சாகக் கிடந்து பிழைத்தது. முதல் தடவை அதைத் தனி பேசினில் போட்டு வைத்தியம் பார்த்தேன், இரண்டாம் தடவை அதன் சொந்தத் தொட்டியிலேயே விட்டுப் பார்த்தேன். மீன் வளர்க்கிறவர்களிடம் கேட்டால் முக்கால்வாசிப் பேர் நோய் என்றவுடன் 'முதலில் வேறாக்கு' என்பார்கள். கப்பி, கோல்ட்ஃபிஷ் வளர்க்கிறவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். பேத்தை விஷயத்தில் நான் அந்தக் கட்சியை விட்டு வந்துவிட்டேன்.

வேறாக்கச் சொல்வதன் காரணமே மற்ற மீன்களுக்கு நோய் தொற்றக்கூடாது என்பதுதானே. பேத்தைக்கு ஏது மற்ற மீன்? பக்கத்தில் எதை விட்டாலும் செட்டையைக் கடித்துத் துண்டாக்கும். நான் ஆரம்பத்தில் விட்ட இரண்டு மொலி ஒரு கிழமை தாங்கவில்லை. ஆக அது ஏற்கெனவே தனி வார்டில்தான் இருக்கிறது. அதை எடுத்து இன்னொரு தனி வார்டில் போடுவதில் என்ன லாபம் என்ற கேள்வியே எனக்கு முதல் தடவை வரவில்லை.

கடையில் இதை நன்னீர் மீன் என்று சொல்லித்தான் தந்தார்கள். அப்போது கட்டைவிரல் நுனி அளவு. இது உண்மையில் உவர்நீர் மீன், அதாவது நன்னீரும் கடல் நீரும் கலக்கிற இடத்து மீன். குஞ்சாக இருக்கும்போது நன்னீரில் சமாளிக்கும், வளர வளர உப்புக் கேட்கும், முழுதாக வளர்ந்தால் 15 சென்ரிமீற்றர் வரும். இந்த விபரமெல்லாம் நான் பிறகு படித்தது. வாவிக்கரையில் பிறந்து வளர்ந்தும், வலையில் பேத்தை சிக்கினால் கரையில் தூக்கி எறிவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தும், இந்த மீன் எந்தத் தண்ணீரில் இருக்கிறது என்று யோசிக்காமல் கிணற்றுத் தண்ணீரில் விட்டவன் நான். அம்மா அன்றைக்கே சொன்னா, "கறிக்கும் ஆகாததைக் காசு குடுத்து வாங்கிற முதல் ஆள் நீதான் மகன்" என்று.

முதல் தடவை 2022 சித்திரை. கறண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாத காலம். பில்டர் மணித்தியாலக் கணக்கில் நின்றுவிட்டு மறுபடி ஓடும். ஒரு காலையில் பார்க்கிறேன், வெள்ளையாக இருக்க வேண்டிய வயிறு சாம்பல் நிறத்தில் இருக்கிறது, வால் ஒரு பக்கம் மடிந்திருக்கிறது, செட்டைகளில் ரவை தூவினமாதிரி வெள்ளைப் புள்ளிகள். பயத்தில் வலையைப் போட்டுத் தூக்கினேன். தண்ணீருக்கு வெளியே வந்ததும் பந்துபோல ஊதிவிட்டது. பேத்தை தண்ணீரை இழுத்து ஊதினால் பிறகு துப்பிவிடும். காற்றை இழுத்து ஊதினால் சில வேளை வெளியே விட முடியாமல் தலைகீழாக மிதந்தே செத்துப் போகும். கையைத் தண்ணீருக்குள் விட்டு, வாய் மேலே பார்க்கிறமாதிரிப் பிடித்து, ஒவ்வொரு குமிழியாக அது காற்றை விட்டு முடிக்கும் மட்டும் குனிந்தபடி நின்றேன். நாரி பிடித்துக்கொண்டது. பேத்தையை எங்கே மாற்றுவதானாலும் ஒரு கோப்பையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, மீனைத் தண்ணீரோடு சேர்த்து அள்ளுங்கள். வலை வேண்டவே வேண்டாம்.

பிறகு 20 லீற்றர் பேசின், ஒரு காற்றுப் பம்ப், கடையில் தந்த நீல மருந்து, அதாவது மெதிலீன் நீலம். முதல் நாள் நல்லாய் இருந்தது. இரண்டாம் நாள் ஒரு மூலையில் ஒதுங்கியது. மூன்றாம் நாள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. மருந்து போதவில்லை என்று நினைத்து இன்னும் நாலு துளி விட்டேன். அன்று பின்னேரம் பேசினில் ஒரு மணம். கையை விட்டுத் துழாவினால், முதல்நாள் போட்ட இறால் துண்டு அடியில் வழவழத்துக் கிடக்கிறது. நீலத் தண்ணீரில் அது கண்ணுக்கே தெரியவில்லை. தண்ணீரை முழுக்க மாற்றினேன். இரண்டு மணித்தியாலத்தில் மூச்சு வாங்குவது நின்றது. அப்போதுதான் விளங்கியது, அன்று அதைக் கொல்லப் பார்த்தது வெள்ளைப் புள்ளியல்ல, என் பேசின்.

செலவு, இடம், வெளிச்சம் இதெல்லாம் இரண்டு முறைக்கும் ஒன்றுதான், அதில் பேச ஒன்றுமில்லை. முடிவைத் தீர்மானிப்பது அமோனியா என்ற கழிவு நஞ்சு. மீன் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் செவுள் வழியாக அமோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். ஓடிப் பழகிய பில்டரின் ஸ்பொஞ்சில் இருக்கும் பக்டீரியாக்கள் அதை நைற்றைற்றாக்கி (அதுவும் நஞ்சுதான்), பிறகு நஞ்சு குறைந்த நைற்றேற்றாக்கிவிடும், நாம் கிழமைக்கு ஒரு தடவை தண்ணீர் மாற்றினால் போதும். புது பேசினில் அந்தக் கூட்டமே இல்லை. பழைய ஸ்பொஞ்சைத் தூக்கிப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். போடலாம், ஆனால் மருந்து அதில் இருக்கிற பக்டீரியாவையும் சேர்த்து அடிக்கும். அதோடு அளவைப் பாருங்கள்: என் தொட்டி மூன்று அடி, மணல் போக 110 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். பேசின் 20. அதே மீன், அதே கழிவு, தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கும் இல்லை. இதற்கு மேல் நம் கரையோரக் கிணறுகளின் குணம் வேறு. என் வீட்டுக் கிணற்றில் பீஎச், அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் எண், எப்போது அளந்தாலும் 8க்குக் கிட்ட நிற்கிறது. பீஎச் 7இல் இருக்கும் அமோனியாவை விட 8இல் இருக்கும் அதே அமோனியா ஏறக்குறைய பத்து மடங்கு நஞ்சாகிறது, சூடு கூடக் கூட இன்னும் மோசம். எங்கள் ஊரில் தண்ணீர் வருடத்தில் பெரும்பாலும் 28, 29 பாகை. குளிர் ஊர்க்காரன் எழுதி வைத்த 'இரண்டு நாளுக்கு ஒரு தடவை கொஞ்சம் தண்ணீர் மாற்று' என்ற கணக்கு இங்கே எடுபடாது. பேசினில் வைப்பதானால் தினமும் பாதித் தண்ணீராவது மாற்ற வேண்டும்.

அளந்து பார்த்துவிட்டு மாற்றலாமே என்றால், அங்கேயும் ஒரு சிக்கல். அமோனியா டெஸ்ட் நிறத்தைப் பார்த்துச் சொல்வது. தண்ணீரே நீலமாக இருக்கும்போது எந்த நிறத்தைப் பார்க்கிறது? நான் குழாயை ஜன்னலுக்குப் பிடித்துப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் விட்டுவிட்டேன்.

எப்படியோ பன்னிரண்டு நாள் வாளி தூக்கி, மீன் பிழைத்தது. பிழைத்ததும் நான் செய்த முட்டாள்தனம், அதை மறுபடி அதே நன்னீர்த் தொட்டியில் விட்டது. அடுத்த மாரியில், தண்ணீர் திடீரென்று குளிர்ந்த ஒரு கிழமையில், அதே வெள்ளைப் புள்ளி.

இந்தத் தடவை மீனைத் தொடவில்லை. இது நன்னீரில் வருகிற ஒட்டுண்ணி, உப்பை அது தாங்காது. பேத்தையோ உப்பை விரும்பும் மீன். நோய்க்கு நஞ்சு, நோயாளிக்குச் சாப்பாடு, இதைவிட வசதியான மருந்து எங்கே கிடைக்கும்? கடல்மீன் தொட்டிக்கு விற்கும் உப்பு வாங்கினேன். சமையல் உப்பில் சோடியம் குளோரைட்டைத் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை, பேத்தைக்கு மற்ற கனிமங்களும் வேண்டும். லீற்றருக்கு 2 கிராம் கணக்கில் நாளுக்கு 220 கிராம், தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்துக் கரைத்து, பில்டர் வாய்க்குக் கிட்டக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். ஐந்து நாளில் லீற்றருக்கு 10 கிராம். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் அடர்த்திமானி 1.006க்கும் 1.007க்கும் இடையில் காட்டியது. நாலாம் நாள் வயிறு வெளுக்கத் தொடங்கியது. ஆறாம் நாள் ஒரு நத்தையை ஓட்டோடு உடைத்தது, அந்தச் சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்டது.

புள்ளி மறைந்தவுடன் நிறுத்திவிடக்கூடாது. உடம்பில் தெரியும் புள்ளிக்குள் இருப்பதை எந்த மருந்தும் எட்டாது. அது மூன்று நாலு நாளில் கழன்று மணலில் விழுந்து, அங்கே நூற்றுக்கணக்கில் பெருகி, மறுபடி மீனைத் தேடி நீந்தி வரும். அப்படி நீந்தும்போதுதான் உப்பு அதைப் பிடிக்கும். கடைசிப் புள்ளி போன பிறகும் பத்து நாள் அளவைக் குறைக்காமல் வைத்திருந்தேன். பிறகு குறைக்கவே இல்லை.

சொந்தத் தொட்டி முறையில் நட்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். செடிகள் போய்விடும். எனக்கு இரண்டு கொத்து அழுகியது, அழுகத் தொடங்குமுன் பிடுங்கியிருந்தால் இரண்டாம் கிழமையில் நைற்றைற் ஏறியிருக்காது. உப்பு ஏறும் வேகத்தில் பில்டர் பக்டீரியாவும் கொஞ்சம் தடுமாறும். கால்வாசித் தண்ணீரை அதே உப்பளவில் இரண்டு தடவை மாற்றினேன், நைற்றைற் இறங்கிவிட்டது. அதைவிடப் பெரிய விஷயம், கடைக்காரர் எதைத் தந்தாலும் தொட்டிக்குள் ஊற்றிவிடாதீர்கள். பேத்தைக்குச் செதிள் இல்லை, செம்பு கலந்த மருந்துகள் அதைச் சுடும். நீல மருந்து விட்டால் தொட்டியின் சிலிக்கன் ஓரம், சிப்பி எல்லாம் நீலமாகி அப்படியே நின்றுவிடும்.

பேசின் வெல்லும் இடங்களும் இருக்கின்றன. பேத்தையின் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். ஓடு உள்ள சாப்பாடு குறைந்தால் பல் வாயை மூடிவிடும், பிறகு பட்டினி. அதை வெட்ட மீனை மயக்க வேண்டும், அதற்குத் தனிப் பாத்திரம் கட்டாயம். நான் செய்ததில்லை, செய்ய எனக்குத் தைரியமும் இல்லை, அதனால் முறை சொல்ல வரவில்லை. காயம் ஆழமாகப் புண்ணாகி உண்மையான அன்ரிபயோற்றிக் வேண்டும் என்றாலும் பேசின்தான், அதைத் தொட்டியில் விட்டால் பில்டருக்குப் பால் ஊற்றினமாதிரி. வயிறு ஒட்டிப்போய், சாப்பிட்டும் மெலியும் மீனுக்கு உள்ளே புழு இருக்கலாம் என்கிறார்கள். அந்த நோயை நான் கண்ணால் பார்த்ததில்லை. என் அனுபவம் ஒரு மீன், ஒரு நோய், இரண்டு தடவை, அவ்வளவுதான். முதல் தடவை இருந்த கறண்ட் பிரச்சினை இரண்டாம் தடவை இல்லை என்பதையும் கணக்கில் எடுங்கள்.

பைப் தண்ணீர் பாவிக்கிறவர்கள் இரண்டு முறையிலும் குளோரினைக் கவனியுங்கள். திறந்த வாளியில் ஒரு நாள் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். பேசின்காரருக்கு இது கூடுதல் தலையிடி, தினமும் மாற்றுவதற்குத் தினமும் ஒரு வாளி முன்கூட்டியே தயாராக நிற்க வேண்டும். மட்டக்களப்புக் கல்லடிக் கடலில் தண்ணீர் அள்ளி வந்து ஒரு பங்குக்கு இரண்டு பங்கு கிணற்றுத் தண்ணீர் கலந்தால் உப்பு இலவசம் என்று மச்சான் ஒருவர் சொன்னார். கணக்குச் சரிதான், லீற்றருக்கு 12 கிராம் அளவில் வரும். ஆனால் கடல் தண்ணீரோடு வேறு என்ன வருமென்று தெரியாமல் நோய் மீனுக்கு அதை ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. சுகமான மீனுக்கு ஒரு நாள் பார்க்கலாம்.

அந்த 20 லீற்றர் பேசின் இப்போது கிணற்றடியில் இருக்கிறது. அதில் நத்தை வளர்க்கிறேன், பேத்தையின் பல்லுக்கு. அம்மா அதையும் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனா.