பூக்கட்டிப் பார்ப்பதும் இஸ்திகாராவும்

திருமணமோ தொழிலோ முடிவாகாதபோது, தமிழகக் கோயில்களில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலங்களாகக் கட்டிச் சந்நிதியில் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்லி, நினைத்த நிறம் வந்தால் உத்தரவு கிடைத்ததாகக் கொள்வர். விடை உடனே கிடைக்கும். ஆனால் கேள்வி ஆம், இல்லை என்ற இரண்டுக்குள் அடங்கியாக வேண்டும்.

முடிவெடுக்க இறைவனின் வழிகாட்டலை வேண்டி முஸ்லிம்கள் தொழும் இஸ்திகாராவில் இரண்டு ரக்அத் (தொழுகைச் சுற்று) தொழுதபின் ஓதும் துஆ (வேண்டுதல்), இக்காரியம் நன்மையெனில் எளிதாக்கு, தீமையெனில் அதை என்னிடமிருந்தும் என்னை அதனிடமிருந்தும் விலக்கு, நன்மை எங்கிருந்தாலும் அதை அளித்து மனநிறைவும் தா என்று வேண்டுகிறது. கனவில் அடையாளம் வருமெனப் பலர் காத்திருந்தாலும், துஆவில் அப்படி எதுவும் இல்லை.

விரும்பிய பூ வரும்வரை மீண்டும் கட்டிப் பார்க்கும் ஆசைக்கு (யாருக்குத்தான் அது இல்லை?) இஸ்திகாராவில் இடம் குறைவு என்பதால், கேட்பவரைப் பக்குவப்படுத்துவது இரண்டாவதே என்பேன், நாளைக்குள் பதில் சொல்ல வேண்டிய குடும்பத்துக்கோ பூவே உதவும்.