முதல் லைட் எது: எல்.இ.டி.யா, ஃபிளாஷா?

கேமரா இருக்கிறது, 50 எம்.எம். லென்ஸ் இருக்கிறது, வீட்டில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறையும் இருக்கிறது. கையில் உள்ள பணத்துக்கு ஒரே ஒரு லைட்தான் வாங்க முடியும். போர்ட்ரெய்ட் பழக ஆரம்பிக்கும் பெரும்பாலோர் நிற்கும் இடம் இது என்பதால், நாலு லைட் செட்டப்பைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை.

போட்டியில் இருப்பவை இரண்டு. ஒன்று, கோடாக்ஸ் எஸ்.எல்.60 போல எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் 60 வாட் எல்.இ.டி. இன்னொன்று, நாலு பென்சில் பேட்டரியில் ஓடும் ஸ்பீட்லைட், அதாவது கேமராவின் தலையில் மாட்டும் சின்ன ஃபிளாஷ்; பவரைக் கையால் வைக்கும் டி.டி.600 போன்ற மேனுவல் மாடல் போதும். (வட்ட ரிங் லைட்டைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. முகத்தைத் தட்டையாக்கும், கண்ணுக்குள் வளையம் தெரியும். ரீல்ஸுக்கு அது சரி.)

எல்.இ.டி.யின் பெரிய பலம், படம் எடுக்கும் முன்பே எல்லாம் கண்ணுக்குத் தெரிந்துவிடுவது. லைட்டை ஓர் அடி உயர்த்தினால் மூக்கின் நிழல் கீழே இறங்குகிறது, பக்கவாட்டில் நகர்த்தினால் நிழல் கன்னத்தில் ஏறுகிறது. ஒரு மாலை நேரம் தம்பியையோ தங்கையையோ உட்கார வைத்துச் சுற்றிச் சுற்றி வந்தாலே ஒளி எப்படி நடந்துகொள்கிறது என்பது பிடிபடும். ஃபிளாஷில் அது தெரியாது. அடித்த பிறகு திரையில் பார்த்து, திருத்தி, மறுபடி அடிக்க வேண்டும்.

ஆனால் ஒளியின் அளவு என்று வந்தால் கதை மாறுகிறது. 60 வாட் எல்.இ.டி., ஷட்டர் திறந்திருக்கும் 1/125 செகண்டில் செலவழிப்பது அரை வாட்-செகண்ட் கூட இல்லை. ஸ்பீட்லைட் முழு பவரில் சுமார் 60 வாட்-செகண்டை ஒரே வெட்டில் கொட்டிவிடுகிறது. மின்சாரத்தை ஒளியாக்குவதில் எல்.இ.டி.தான் சிக்கனம் என்று கழித்துப் பார்த்தாலும், ஐந்தாறு ஸ்டாப் வித்தியாசம் மிஞ்சும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு). நடைமுறையில் என்ன ஆகும்? சாஃப்ட்பாக்ஸுக்குள் (முன்னால் வெள்ளைத் துணி போட்ட பெட்டி) வைத்த எல்.இ.டி.யில் எஃப் 2.8 (லென்ஸ் துளையின் அளவு, எண் குறைந்தால் துளை அகலம்), ஐ.எஸ்.ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 400, சில நேரம் 800. இன்றைய கேமராவுக்கு ஐ.எஸ்.ஓ 800 பெரிய விஷயமில்லைதான். ஆனால் எஃப் 2.8-இல் ஒரு கண் ஷார்ப்பாக இருந்தால் தூரத்துக் கண் லேசாக மங்கும். குழந்தை தலையைத் திருப்பினால் 1/125-இல் அசைவும் விழும். ஒளியைப் பரப்பும் குடைக்குள் அடிக்கும் ஸ்பீட்லைட்டில் ஒரு மீட்டர் தூரத்துக்கு அரை பவரிலேயே ஐ.எஸ்.ஓ 100, எஃப் 8 அநேகமாகக் கிடைத்துவிடும். வெளிச்சம் வெட்டும் நேரமும் அவ்வளவு குறுகியது என்பதால் அசைவும் உறைந்துவிடும்.

இன்னொரு வசதியைப் பலர் கவனிப்பதில்லை. ஐ.எஸ்.ஓ 100, எஃப் 8, 1/160 என்று வைத்தால் அறையின் டியூப்லைட் படத்தில் இல்லாமலே போகிறது. எரியட்டும், மிச்சம் இருப்பது ஃபிளாஷின் நிறம் மட்டும். எல்.இ.டி. என்றால் டியூப்லைட்டை அணைத்து, ஜன்னலை மூட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கன்னம் ஒரு நிறம், மறு கன்னம் வேறு நிறம். நம்மூர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பழைய டியூப்லைட் செகண்டுக்கு 100 தடவை மினுங்கும், ஷட்டரை வேகமாக்கினால் படத்துக்குப் படம் வெளிச்சமும் மாறும். அறை இயல்பான வெளிச்சத்தில் இருந்தால் உட்கார்ந்திருப்பவரும் கண்ணைச் சுருக்காமல் இருப்பார். எல்.இ.டி. முகத்துக்கு நேரே எரியும்போது கண்மணி சுருங்குவதைக் குளோசப்பில் நன்றாகவே பார்க்கலாம்.

ஃபிளாஷின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கேமராவிலிருந்து ஃபிளாஷை அடிக்க வைக்கும் ட்ரிக்கர் தனியாக வாங்க வேண்டும், அதுவும் உங்கள் கேமரா பிராண்டுக்கு உரியதாக. முழு பவரில் அடித்தால் அடுத்த வெட்டுக்கு இரண்டு மூன்று செகண்ட் காத்திருக்க வேண்டும். சாதாரணப் பேட்டரி போட்டால் இன்னும் இழுக்கும், ரீசார்ஜ் ஆகும் நிக்கல் பேட்டரியே வாங்குங்கள். ஷட்டர் 1/200-ஐத் தாண்டினால் பல கேமராக்களில் படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும். நிழல் எங்கே விழும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டுமா? போன் டார்ச்சை ஃபிளாஷ் தலைக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். நிழலின் மென்மை அதில் தெரியாது, இடம் தெரியும்.

என் தீர்ப்பு: ஸ்டில் மட்டும் என்றால் ஃபிளாஷ். வீடியோவும் எடுப்பீர்கள் என்றால் வேறு வழியில்லை, எல்.இ.டி. அதன் ஃபேன் சத்தம் மைக்கில் ஏறும், அது தனிப் பஞ்சாயத்து.

கரண்டில் ஓடும் பெரிய ஸ்டூடியோ ஃபிளாஷ் எப்படி? அதில் மாடலிங் லாம்ப் என்று எப்போதும் எரியும் ஒரு விளக்கு உண்டு, நிழலை முன்பே பார்த்துக்கொள்ளலாம், இரண்டின் நல்லதும் ஓரளவு ஒன்றில் கிடைக்கிறது. ஆனால் சின்ன அறைக்கு அது மிஞ்சிய பலம். சில மாடல்கள் 1/16-க்குக் கீழே இறங்காது. 400 வாட்-செகண்ட் ஃபிளாஷை அதுவரை குறைத்தாலும் 25 வாட்-செகண்ட் நிற்கும். எஃப் 2-இல் பின்னணியை மங்கலாக்க ஆசைப்பட்டால் திண்டாட்டம்தான். குடும்பமாகப் பத்துப் பேரை நிறுத்தி எடுக்கும் நாள் வரும்போது அதை யோசிக்கலாம்.

சரி, லைட் வந்தாயிற்று. அதன் முன்னால் குடையா, சாஃப்ட்பாக்ஸா?

குடை மலிவு, ஒரு நிமிடத்தில் விரிந்துவிடும், பைக்கில் மாட்டிக்கொண்டு போகலாம். ஒளி ஊடுருவும் வெள்ளைக் குடையை முகத்துக்கு மிக அருகே கொண்டுவரலாம், அதனால் நிழல் ஓரங்கள் மெத்தென்று வரும். சிக்கல் என்னவென்றால், அது எல்லாத் திசையிலும் ஒளியைச் சிதறடிக்கும். சுவர் வெள்ளை என்றால் அதுவே நிழலை நிரப்பும் ஃபில் லைட் போல உதவும். நம் வீடுகளில்தான் வெள்ளைச் சுவர் அபூர்வமாயிற்றே! இளம்பச்சை, ரோஸ், மஞ்சள் என்று அடித்திருக்கும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் அந்த நிறத்தை ஏற்றிவிடும். கேமராவின் நிறத் திருத்தமான ஒயிட் பேலன்ஸை மாற்றினால் ஒரு பக்கம் சரியாகும், மறு பக்கம் கெடும்.

சாஃப்ட்பாக்ஸ் ஒளியை முன்பக்கமாக மட்டும் விடும். முன்னால் கட்டம் கட்டமான கிரிட் மாட்டினால் சுவருக்குப் போவது இன்னும் குறையும். கம்பிகளைக் கோக்கிற வேலைதான் எரிச்சல்; குடை போல விரியும் மாடலாக வாங்கினால் அதுவும் தீரும். கண்ணுக்குள் விழும் பிரதிபலிப்பு ஜன்னல் போல இருக்கும், குடையில் சில நேரம் கம்பிகளே தெரியும். ஆக, வெள்ளைச் சுவர் என்றால் குடை, வண்ணச் சுவர் என்றால் சாஃப்ட்பாக்ஸ். மொட்டை மாடியில் எடுப்பதாக இருந்தால் இரண்டுமே காற்றில் சாயும், ஸ்டாண்டில் ஒரு தண்ணீர் கேனைக் கட்டித் தொங்கவிடுங்கள்.

இரண்டில் எதை வாங்கினாலும் அகலமானதாக வாங்குங்கள், 90 செ.மீ.க்குக் குறைய வேண்டாம். மாநிறத்திலும் கறுப்பிலும் முகத்தின் வடிவம் நிழலால் மட்டும் தெரிவதில்லை, தோலின் மேல் படரும் பளபளப்பாலும் தெரிகிறது. சின்ன லைட் அடித்தால் நெற்றியிலும் மூக்கிலும் வெள்ளைப் புள்ளியாக எரியும். அதே ஒளி அகலமான பரப்பிலிருந்து சற்றுப் பக்கவாட்டில் வந்தால் கன்னத்தின் வளைவு முழுக்க மெல்லிய மினுமினுப்பாகப் பரவும். உள்ளே வெள்ளிப் பூச்சுள்ள குடை இந்த விஷயத்தில் கொஞ்சம் முரட்டுத்தனம், வியர்த்த முகத்தை எண்ணெய் தேய்த்தது போலக் காட்டும். பலரும் இங்கே செய்வது பவரை ஏற்றி முகத்தை வெளுக்க வைப்பது. அப்புறம் பட்டுச் சேலையின் ஜரிகை வெந்துபோகும், ஆளும் அவராக இருக்க மாட்டார்.

லைட்டை அருகே வைப்பதா, தள்ளி வைப்பதா என்பதும் ஒரு தேர்வுதான், இதற்குக் காசு கிடையாது. ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு எதிராகக் குறையும். முகம் லைட்டிலிருந்து 1 மீட்டரில், பின்சுவர் 3 மீட்டரில் என்றால் சுவருக்குக் கிடைப்பது ஒன்பதில் ஒரு பங்கு. வெள்ளைச் சுவரே கரும்சாம்பலாகிவிடும். லைட்டை 3 மீட்டருக்குத் தள்ளினால் சுவருக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்ச் சேரும், சுவர் வெளுக்கும். ஆனால் லைட் சிறிதாகத் தெரிவதால் நிழல் கடினமாகும்.

லைட் வைக்கும் முறைகளுக்கு நிறையப் பெயர்கள் உண்டு. 17-ஆம் நூற்றாண்டு ஓவியர் ரெம்பிராண்டின் பெயரால் வழங்குவது, தூரத்துக் கன்னத்தில் முக்கோண வெளிச்சம் விழும் முறை. அழகுதான், ஆனால் தலை கொஞ்சம் திரும்பினாலும் முக்கோணம் கலைந்துவிடும். நேர் முன்னால் உயரத்தில் வைக்கும் பட்டர்ஃபிளை கன்ன எலும்பைத் தூக்கிக் காட்டும், குழிந்த கண்ணுள்ளவர்களுக்கு ஆகாது. பாதி முகத்தை இருட்டில் விடும் ஸ்பிளிட் சினிமா போஸ்டருக்குப் பொருந்தும், கல்யாண ஆல்பத்துக்கு அல்ல. ஆரம்பத்துக்கு லூப் போதும்: பக்கவாட்டில் 30 முதல் 45 டிகிரி, கண்ணுக்குச் சற்று மேலே, மூக்கின் நிழல் உதட்டைத் தொடாமல். கண்ணாடி போட்டவர் என்றால் லைட்டை இன்னும் உயர்த்தி, கண்ணாடியின் காதுப் பக்கத்தை லேசாகத் தூக்கச் சொல்லுங்கள், பிரதிபலிப்பு கீழே போய்விடும்.

இரண்டாவது லைட் வேண்டுமா என்ற கேள்விக்கு ஷூட்டிங் ஸ்பாட்டுகளில் ரொம்ப காலமாகவே ஒரு பதில் இருக்கிறது: தெர்மகோல். லைட்டுக்கு எதிர்ப்பக்கம் நாற்காலியில் சாய்த்து வைத்தால் நிழல் பக்கம் திறக்கும். பக்கத்தில் கொண்டுவந்தால் அதிகம், தள்ளினால் குறைவு, அவ்வளவுதான் கன்ட்ரோல். அதே இடத்தில் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால் நிழல் இன்னும் ஆழமாகும். இந்த வேலைக்காக இன்னொரு லைட் வாங்குவது வீண். தெர்மகோலால் முடியாத வேலை ஒன்றே ஒன்று, கறுப்புப் பின்னணியில் கரைந்துபோகும் கருங்கூந்தலைப் பிரித்துக் காட்டுவது. இரண்டாவது ஸ்பீட்லைட் வாங்கினால் அதற்காக வாங்குங்கள். குடை எதுவும் மாட்டாமல், ஆளுக்குப் பின்னால் ஒரு மூலையில் உயரத்தில் வைத்து, முதல் லைட்டை விட ஒரு ஸ்டாப் குறைவாக.