குத்தகைக்குக் கெடு வேண்டாமா? குபர்நெட்டிஸுக்குள் டெராஃபார்ம் ஸ்டேட், மூன்று வருட அனுபவம்

பழைய ஆபீஸில் கூட வேலை பார்த்த தம்பி ஒருத்தன் போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டான்: "அண்ணா, நீங்க டெராஃபார்ம் ஸ்டேட்டை கிளஸ்டருக்குள்ளயே வெச்சிருக்கீங்கல்ல? நானும் அப்படியே பண்ணட்டுமா?" கேட்ட நேரம் சரியில்லை. அன்று விடியற்காலை நாலரைக்கு எழுந்து ஒரு பூட்டை உடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். "வேண்டாம்பா" என்று மட்டும் பதில் போட்டேன். ஏன் என்று திருப்பிக் கேட்டான். ஒரு மெசேஜில் அடங்கும் விஷயம் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். புதியவர்களுக்கு: டெராஃபார்ம் என்பது சர்வர், டிஎன்எஸ் போன்றவற்றை கோடு எழுதி உருவாக்கும் கருவி. எதையெல்லாம் உருவாக்கியது என்று அது எழுதி வைக்கும் பதிவுதான் ஸ்டேட். குபர்நெட்டிஸ், பல சர்வர்களை ஒரு கிளஸ்டராகச் சேர்த்து அதில் புரோகிராம்களை ஓட்டும் அமைப்பு.

எங்களுடையது சொந்த சர்வர்களில் ஓடும் மூன்று நோடு கே3எஸ், அதாவது குபர்நெட்டிஸின் ஒரு எளிய வடிவம். கிளவுட் அக்கவுன்ட் எதுவும் கிடையாது, அதனால் அமேசானின் எஸ்3 பக்கெட்டில் வைக்கலாம் என்ற பேச்சே எழவில்லை. டெராஃபார்ம் 0.13-இல், அதாவது 2020-இல், ஸ்டேட்டை கிளஸ்டருக்குள்ளேயே வைக்கும் இந்த குபர்நெட்டிஸ் பேக்எண்ட் வந்தது. நாங்கள் அதற்கு மாறி மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. கிளஸ்டரையே உருவாக்கும் கோடின் ஸ்டேட்டை மட்டும் வேறு இடத்தில் வைத்திருக்கிறோம். அதையும் உள்ளே வைத்தால், வீட்டுச் சாவியை வீட்டுக்குள் போட்டுக் கதவைச் சாத்தின கதைதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதற்கென்று புது பாஸ்வேர்டு, புது சர்வர், புது பில் எதுவும் இல்லை. டெராஃபார்மை ஓட்டும் பைப்லைன் ரன்னர் பாடுக்கு (பாட் என்றால் கிளஸ்டரில் ஓடும் ஒரு புரோகிராம் அலகு) ஒரு சர்வீஸ் அக்கவுன்ட் கொடுத்தால் போதும். ஸ்டேட் ஒரு சீக்ரெட்டாக, அதாவது பாஸ்வேர்டு மாதிரி விஷயங்களை குபர்நெட்டிஸ் வைக்கும் பொருளாகப் போய் உட்காரும், பெயர் 'டிஎஃப்ஸ்டேட்-டீஃபால்ட்-' என்று தொடங்கும். முதல் தடவை அந்த சீக்ரெட்டைக் கையால் பிரித்துப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. பேஸ்64 என்ற எழுத்துமாற்றை அவிழ்த்து, ஜிஜிப் சுருக்கத்தை விரித்தேன். சீரியல், லீனியேஜ் எல்லாம் அப்படி அப்படியே ஜேசானாக வந்து நின்றது. மாயம் மந்திரம் ஒன்றும் இல்லை. எது எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடிகிற பொருளை நம்பலாம். ஒரு சீக்ரெட்டுக்கு 1 எம்பிதான் எல்லை என்று ஆரம்பத்தில் பயந்தேன். சுருக்கி வைப்பதால் எங்கள் ஸ்டேட் அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. புதிய பதிப்புகளில் எல்லையைத் தாண்டினால் பல சீக்ரெட்டுகளாகப் பிரித்தும் வைத்துக்கொள்கிறது.

இனி பூட்டு. ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஸ்டேட்டில் எழுதிவிடாமல் இருக்க டெராஃபார்ம் போடுவது இது.

அதற்கு முந்தின இரவு ஒரு அப்ளை (கோடில் எழுதியதை நிஜமாக உருவாக்கும் ஓட்டம்) ஓடிக்கொண்டிருந்தபோது நோடில் மெமரி பற்றாமல் போனது. நோடில் பாடுகளைக் கவனித்துக்கொள்ளும் குபெலெட் ரன்னர் பாடை வெளியேற்றியது. இது ஹார்ட் எவிக்‌ஷன், அவகாசமே கிடையாது. டெராஃபார்ம் பூட்டைத் திறந்து வைத்துவிட்டுப் போக நேரமில்லாமல் செத்தது. விடியற்காலை நாலு மணிக்கு டிஎன்எஸ் ரெக்கார்டு மாற்றும் வேலை ஒன்று இருந்தது, ஐந்துக்குள் முடிந்தாக வேண்டும். அது போய் முட்டி நின்றது. லாக் கிடைக்கவில்லை என்ற பிழைச்செய்தியில் 'ஹூ' என்ற வரியில் ரூட், அதை ஒட்டி ரன்னர் பாடின் பெயர். 'கிரியேட்டட்' வரியில் யூடிசி 18:10, நம் கணக்கில் இரவு 11:40. அந்தப் பெயரில் ஒரு பாடும் கிளஸ்டரில் இல்லை. இல்லாத ஒருவன் கையில் சாவி, கிட்டத்தட்ட ஐந்து மணி நேரமாக.

இந்தப் பூட்டு குபர்நெட்டிஸில் லீஸ் என்ற பொருளாக இருக்கிறது. லீஸ் என்றால் குத்தகை. குத்தகைக்குக் கெடு உண்டு, கெடு முடிந்தால் நிலம் திரும்ப வந்துவிடும். இந்தப் பொருளிலேயே எத்தனை நொடிக்கு என்று எழுத ஒரு இடம், கடைசியாக எப்போது புதுப்பித்தது என்று எழுத இன்னொரு இடம் இருக்கின்றன. டெராஃபார்ம் எழுதியிருந்த லீஸைத் திறந்து பார்த்தேன். யார் வைத்திருக்கிறார் என்ற இடத்தில் லாக் ஐடி மட்டும் இருந்தது. மற்ற இரண்டும் காலி.

அதே கிளஸ்டரில் ஒவ்வொரு நோடின் குபெலெட்டும் 10 நொடிக்கு ஒரு தடவை தன் லீஸைப் புதுப்பிக்கிறது. ஒரு நிமிடம் சத்தம் இல்லையென்றால் நோடுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்துவிடும். செத்தவனைக் கண்டுபிடிக்கத்தான் அந்தப் பொருளையே வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துக்கொண்டு, அதில் முக்கியமான பாதியை மட்டும் ஏன் விட வேண்டும்? என் கோபம் முழுக்க இங்கேதான்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். கெடு வைத்து, நடுவில் நெட்வொர்க் தடங்கி, புதுப்பிக்க முடியாமல் போனால், இரண்டு பேர் ஒரே ஸ்டேட்டில் எழுதும் ஆபத்து உண்டு. மாட்டிக்கொண்ட பூட்டைவிட அது பல மடங்கு மோசம். எஸ்3-இல் வைத்தாலும் ரன்னர் நடுவில் செத்தால் பூட்டு அப்படியேதான் கிடக்கும், மனுஷன்தான் போய் எடுக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அங்கே அதற்கு லீஸ் என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

அன்று ஃபோர்ஸ்-அன்லாக் கொடுத்தது பத்து நொடி வேலை. அதற்கு முன்னால், வேறு யாரும் எதையும் ஓட்டவில்லை என்று உறுதி செய்ய அரை மணி நேரம் ஆனது. இரவில் பாதியில் நின்ற அப்ளை ஒரு விஎம்மை (மெய்நிகர் சர்வர்) உருவாக்கிவிட்டு ஸ்டேட்டில் எழுதாமல் போயிருந்தது. அதைத் தனியாக ஸ்டேட்டுக்குள் இம்போர்ட் செய்தேன். டிஎன்எஸ் மாறியபோது மணி 5:20.

இப்போது ரன்னர் பாடுக்கு மெமரி ரிக்வெஸ்ட்டையும் லிமிட்டையும் ஒரே அளவாக வைத்துவிட்டோம், அதனால் வெளியேற்றும் வரிசையில் அது கடைசிக்குப் போய்விட்டது. சாதாரணமாக நிறுத்தும்போது கிடைக்கும் 30 நொடி அவகாசத்தை 10 நிமிடமாக்கினோம். 'ஹூ' வரியில் இருக்கும் பாட் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றும் எழுதினேன். திறக்கும் வேலையை மட்டும் அதனிடம் விடவில்லை.

தம்பி, இன்னொன்று. சீக்ரெட்டுக்குப் பழைய பதிப்புகள் கிடையாது, கடைசியாக எழுதியதுதான் மிஞ்சும். கே3எஸ் தன் டேட்டாபேஸான எட்சிடியை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை ஸ்நாப்ஷாட் எடுக்கிறதே என்று இருந்துவிடாதே. அதிலிருந்து கிளஸ்டரை மீட்டால் ஸ்டேட்டும் சேர்ந்து பின்னால் போய்விடும். வெளியே இருக்கும் விஎம்கள் பின்னால் போகாது. ஒவ்வொரு அப்ளைக்குப் பிறகும் ஸ்டேட் புல் செய்து கிளஸ்டருக்கு வெளியே ஒரு காப்பி போடு. பேஸ்64 ஒன்றும் பூட்டு இல்லை, அந்த நேம்ஸ்பேஸில் (கிளஸ்டருக்குள் ஒரு தனிப் பிரிவு) சீக்ரெட் படிக்க முடிந்தவன் உன் டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் படிப்பான். அதனால் ஸ்டேட்டுக்கென்று தனி நேம்ஸ்பேஸ் போடு.

உனக்கு கிளவுட் அக்கவுன்ட் இருக்கிறது. பக்கெட்டில் பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும் வெர்ஷனிங்கைப் போட்டு அங்கேயே வை. நாங்கள் மாற்றப் போவதில்லை, எங்கள் ஸ்டேட் அந்த சீக்ரெட்டிலேயே இருக்கும். இதையெல்லாம் படித்த பிறகும் உள்ளேதான் வைப்பேன் என்றால் சொல், யாருக்கு என்ன அனுமதி என்று சொல்லும் ஆர்பேக் ஃபைலையும் அந்த ஸ்கிரிப்ட்டையும் அனுப்புகிறேன்.