குரோமியத் தண்ணீருக்கு எது சரி: நார்க்கழிவா, தொட்டிக்கரியா, முட்டை ஓடா?

கோயம்புத்தூரில் உலோக முலாம் பூசும் பிளேட்டிங் பட்டறைகளின் கழுவுநீரில் குரோமியம், நிக்கல், துத்தநாகம் எல்லாம் வரும். இவற்றைப் பிடிக்க நம்ம பக்கமே கிடைக்கிற சரக்கு மூன்று: பொள்ளாச்சி நார்க்கழிவு (தேங்காய் மட்டையில் நார் எடுத்தபின் மிஞ்சும் தூள்), காங்கேயம் தொட்டிக்கரி (தேங்காய்த் தொட்டியைச் சுட்ட கரி), நாமக்கல் முட்டை ஓடு. குரோமியத்துக்கு என் ஓட்டு நார்க்கழிவுக்குத்தான்.

காரணம் இருக்கிறது. குரோமியத்தின் வடிவங்களில் ஆறு இணைதிறன் குரோமியம்தான் கொடியது, தண்ணீரில் கரைந்தே ஓடும். பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு, குறையக் குறைய அமிலம் கூடும்) 2 பக்கம் இருக்கும் அமிலத் தண்ணீரில், நார்க்கழிவில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள் அதைப் பிடிப்பதோடு நிற்காமல், விஷம் குறைந்த மூன்று இணைதிறன் வடிவமாகவும் மாற்றுகிறது. குரோம் பிளேட்டிங் கழுவுநீர் ஏற்கெனவே அமிலமாகத்தான் வருகிறது என்பதால் நமக்குத் தோதுதான். நிக்கலுக்கும் செம்புக்கும் இவ்வளவு அமிலம் ஆகாது, பிஎச்சை 5, 6 வரை ஏற்றினால்தான் ஒட்டும், அதனால் எல்லாக் கழுவுநீரையும் ஒரே டேங்கில் விடவே கூடாது.

நார்க்கழிவைப் பச்சையாகப் போட்டால் தண்ணீர் டிகாக்‌ஷன் மாதிரி சிவந்துவிடும், தூள் ஊறிக் குழாயையும் அடைக்கும். நன்றாக அலசிக் காயவைத்து, டேங்கில் கலக்கி வடிகட்டுங்கள். இதையே கரியாக்கினால் ஈயம், காட்மியம், நிக்கலையும் பிடிக்கும் என்று பாரதியார் பல்கலைக்கழகத்தில் ரொம்ப முன்னாடியே ஆய்வு செய்துவிட்டார்கள்.

தொட்டிக்கரியிலிருந்து செய்யும் ஆக்டிவேட்டட் கார்பன் (நுண்துளைகள் நிறைந்த கரி) கெட்டியானது, குழாயில் நிரப்பி நாள்கணக்கில் ஓட்டலாம். தண்ணீரின் நிறத்தையும் வாடையையும் நீக்க அருமை. ஆனால் உலோகம் நன்றாக ஒட்ட, அமிலத்தில் இன்னொரு முறை பதப்படுத்த வேண்டும், விலையும் கூடுதல்.

முட்டை ஓடு ஆறு இணைதிறன் குரோமியத்தைக் கண்டுகொள்ளாது. சரி, அப்படியென்றால் வீணா? இல்லை. அது கால்சியம் கார்பனேட். அமிலத்தை முறித்து, நார்க்கழிவிலிருந்து தப்பி வரும் மூன்று இணைதிறன் குரோமியத்தை வண்டலாகக் கீழே இறக்கும். அதனால் நார்க்கழிவுக்கு அடுத்த டேங்கில் வையுங்கள்.

எங்கள் சாயத் தண்ணீருக்கு இது உதவுமா என்று திருப்பூர்க்காரர்கள் கேட்பார்கள். 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன விவகாரத்தில் பெரும் தொல்லை உப்பு. அந்த உப்பை இந்த மூன்றும் தொடாது, ஆர்ஓ (சவ்வு வழியே வடிகட்டும் முறை) இல்லாமல் வழியில்லை.

உலோகம் ஏறிய நார்க்கழிவைத் தோட்டத்தில் கொட்டாதீர்கள், எரிக்கவும் கூடாது. எரித்தால் குரோமியம் பழையபடி கொடிய வடிவத்துக்கே திரும்பலாம். சட்டப்படி அது அபாயக் கழிவு. கும்மிடிப்பூண்டியிலுள்ள அபாயக் கழிவுக் கிடங்குக்கு லாரி ஏற்றி அனுப்பும் செலவையும் சேர்த்துப் போட்டுத்தான் மூன்றின் விலையையும் ஒப்பிட வேண்டும்.